கேம் ஸ்கிரிப்டில் அரே: மதிப்பு வைப்பதும் அளவை மாற்றுவதும்

அரே என்பது மதிப்புகளை எண்ணிட்ட இடங்களில் வரிசையாக வைக்கும் தொகுப்பு. அதை நீட்டுகிறோம், சுருக்குகிறோம் என்று பேச்சில் சொல்கிறோம். யூனிட்டி எஞ்சினில் எழுதும் மொழியான சி ஷார்ப்பில் உண்மையில் எதுவும் நீள்வதில்லை. 10 இடத்தோடு உருவான அரே கடைசிவரை 10 இடம்தான். அரே.ரீசைஸ் என்று அழைத்தால், கேட்ட அளவில் இன்னொரு அரே உருவாகிறது, பழையதில் இருந்தவை அதற்குள் நகலாகின்றன, நீங்கள் கொடுத்த வேரியபிள் புதியதைச் சுட்டத் தொடங்குகிறது. பழைய அரே உடனே மறைந்துவிடுவதில்லை. வேறொரு ஸ்கிரிப்ட் அதைக் கையில் வைத்திருந்தால், அது தன்பாட்டுக்குப் பழையதையே படித்துக்கொண்டிருக்கும். எதிரியைச் சேர்த்தேன், ரேடாரில் வரவில்லை என்கிற வகைப் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. எடிட்டரில் அவற்றின் வழக்கமான எழுத்துக்கூட்டலில் அடித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் அணி என்கிறது. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் அரே என்பதால் இங்கும் அரேதான்.

இடம் வேறு, பொருள் வேறு

சி ஷார்ப்பில் நியூ இன்ட்[10] என்றால் பத்து இடத்திலும் 0 இருக்கும். பூலியன் என்றால் ஃபால்ஸ். ஆனால் எனிமி என்கிற உங்கள் சொந்த கிளாஸில் நியூ எனிமி[10] என்று எழுதினால் பத்து எதிரிகள் கிடைப்பதில்லை, பத்து காலி நாற்காலிகள்தான் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் நல், அதாவது எதுவுமே இல்லை. எதிரிகள்[0].ஹெல்த் என்று தொட்டதும் நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன் என்ற பிழை. லூப் போட்டு ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆளை உட்கார வைத்த பிறகுதான் அது பயன்படும். கிளாஸுக்குப் பதில் ஸ்ட்ரக்ட் (மதிப்பையே நேராக இடத்தில் வைக்கும் வகை) என்றால் இந்தத் தொல்லை இல்லை, நாற்காலியிலேயே ஆள் உண்டு.

இண்டெக்ஸ், அதாவது இட எண், 0 முதல் 9 வரை. லூப் நிபந்தனையில் i < லெங்த் என்று எழுத வேண்டிய இடத்தில் <= வந்தால் கடைசிச் சுற்றில் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச். ரோப்லாக்ஸில் லுவா மொழி எழுதுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு 1-இல் தொடங்கும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒன்று உண்டு: எல்லா இடத்திலும் ஒரே ஆள். கோடோ என்கிற கேம் எஞ்சினில் வரிசைகளை வைத்துக்கொள்ள ஓர் அரே எடுத்து, ரீசைஸ்(3) செய்து, ஃபில்([]) என்று நிரப்பினால் மூன்று தனித்தனிக் காலி வரிசைகள் வருவதில்லை. ஒரே வரிசையை மூன்று இடமும் சுட்டும். முதல் வரிசையில் ஒரு கல்லை வைத்தால் மூன்றிலும் கல் தெரியும். ரோப்லாக்ஸின் லுவாவில் டேபிள்.கிரியேட்(3, {}) செய்வதும் இதே வேலைதான். எண், பூலியன் போன்றவற்றுக்கு ஃபில் போதும். உள்ளே அரேயோ டிக்ஷனரியோ ஆப்ஜெக்டோ வைப்பதாக இருந்தால் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குங்கள்.

கோடில் 10, ஓடும்போது 5

யூனிட்டியில் இன்ஸ்பெக்டரில் (ஆப்ஜெக்டின் மதிப்புகளைக் காட்டும் எடிட்டர் பலகை) தெரியும்படி பப்ளிக் ஃபீல்டாகவோ சீரியலைஸ்ஃபீல்ட் போட்டோ ஓர் அரேயை வைத்து, கோடிலேயே 5 இடம் கொடுத்துவிட்டு, பிறகு ஒருநாள் அதை 10 என்று மாற்றினால் விளையாட்டில் இன்னமும் 5தான் இருக்கும். ஸ்கிரிப்டை முதலில் ஆப்ஜெக்டில் மாட்டியபோதே அந்த 5 சீனுக்குள் சேமிக்கப்பட்டுவிட்டது. கோடில் உள்ள தொடக்க மதிப்பை யூனிட்டி அதன் மேல் எழுதாது. சேமித்த மதிப்புக்கே முதலிடம்.

வழி மூன்று. இன்ஸ்பெக்டரிலேயே எண்ணை மாற்றலாம். தொடக்கத்தில் ஓடும் அவேக் ஃபங்ஷனில் அரேயை உருவாக்கலாம், அப்போது இன்ஸ்பெக்டரில் இருப்பதை அது மிதித்துவிடும். காம்பொனென்ட் மெனுவில் ரீசெட் கொடுக்கலாம், ஆனால் அது அந்தக் காம்பொனென்ட்டின் மற்ற ஃபீல்டுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதால் யோசித்துச் செய்யுங்கள். யாரும் கையால் தொடத் தேவையில்லாத அரே என்றால் அதை பிரைவேட்டாக வைப்பதே நல்லது. காரணமில்லாமல் எல்லாவற்றையும் பப்ளிக் ஆக்குவதுதான் இந்தக் குழப்பத்தின் வேர்.

இன்ஸ்பெக்டரில் அளவைக் கூட்டும்போது இன்னொன்று நடக்கும். 3 என்று இருந்ததை 5 ஆக்கினால் புதிய இரண்டு இடங்கள் காலியாக வருவதில்லை, மூன்றாவதன் நகலாக வருகின்றன. ஸ்பான் புள்ளிகள் என்றால் கடைசிப் புள்ளி மூன்று முறை பதிந்துவிடும், அங்கேயே எதிரிகள் குவிவார்கள். ரேண்டம் சரியில்லை என்று தேடுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இரு பரிமாண அரேயும், அரேக்குள் அரேயும் இன்ஸ்பெக்டரில் தெரியாது, சேமிக்கவும் படாது. ஒரே நீள அரேயாக மடித்து வைப்பது, அல்லது சீரியலைசபிள் கிளாஸ் ஒன்றுக்குள் ஓர் அரேயை வைத்து அந்தக் கிளாஸின் அரேயை எடுப்பது, இரண்டும் வேலை செய்யும். ஃபீல்டின் பெயரை மாற்றினால் நிரப்பி வைத்த மதிப்புகள் போய்விடும், ஃபார்மர்லி சீரியலைஸ்ட் ஆஸ் போட்டு முன்பிருந்த பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள்.

நகலில் எழுதி ஏமாறுவது

யூனிட்டியில் மெஷ் என்பது உருவத்தின் புள்ளி வலை, வெர்டிசஸ் அதன் புள்ளிகள். மெஷ்.வெர்டிசஸ்[0] = புதியஇடம் என்று எழுதினால் பிழைச் செய்தி வராது, மெஷ்ஷும் அசையாது. வெர்டிசஸ் என்பது ஃபீல்ட் இல்லை, ப்ராபர்ட்டி. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முழு அரேயின் நகலை எடுத்துக் கையில் கொடுக்கிறது. நீங்கள் அந்த நகலில் ஒரு புள்ளியை மாற்றிவிட்டு நகலைத் தூக்கி எறிகிறீர்கள். சரியான வரிசை:

புள்ளிகள் = மெஷ்.வெர்டிசஸ்
புள்ளிகள்[0] = புதியஇடம்
மெஷ்.வெர்டிசஸ் = புள்ளிகள்

முதல் வரி லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் 1000 புள்ளி மெஷ்ஷுக்கு 1000 முறை முழு நகல். ஒரு வெக்டார்3 12 பைட், ஆக ஒரு நகல் 12,000 பைட், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பைட் குப்பை, ஒரே ஃபிரேமில். ரெண்டரர்.மெட்டீரியல்ஸும் இதே குணம்: ஓர் இடத்தில் வேறு மெட்டீரியலை வைக்க, எடுத்து, மாற்றி, முழு அரேயையும் திரும்ப வைத்தால்தான் மாறும்.

அன்ரியல் எஞ்சினின் ப்ளூபிரிண்ட்டில் (நோடுகள் என்ற பெட்டிகளை இணைத்து எழுதும் முறை) இது கெட் நோடாக வரும். அதில் இரண்டு வகை உண்டு, காப்பி தருவது ஒன்று, ரெஃப் (அரேயில் உள்ள அதையே) தருவது இன்னொன்று. ஸ்ட்ரக்ட் அரேயிலிருந்து காப்பியை எடுத்து, செட் மெம்பர்ஸ் நோடில் ஹெல்த்தைக் குறைத்தால் அரேயில் உள்ளவர் நலமாகவே இருப்பார். ரெஃப் வகையை எடுங்கள், அல்லது மாற்றிய ஸ்ட்ரக்டை செட் அரே எலெம் நோடு வழியாக அதே இண்டெக்ஸில் திரும்ப வையுங்கள்.

கோடோவிலும் லைன்2டியின் பாயின்ட்ஸை ஒரு வேரியபிளில் எடுத்து அப்பெண்ட் செய்தால் கோடு நீளாது. மாற்றியதைப் பாயின்ட்ஸுக்கே திரும்பக் கொடுக்க வேண்டும், அல்லது ஆட் பாயின்ட்டை அழைக்க வேண்டும். ஆனால் நீங்களே உருவாக்கிய சாதாரண அரேயில் நிலைமை தலைகீழ். அங்கே b = a என்றால் இரண்டும் ஒன்றே. தனி நகல் வேண்டுமென்றால் டூப்ளிகேட், உள்ளே உள்ள அரேகளுக்கும் நகல் வேண்டுமென்றால் டூப்ளிகேட்(ட்ரூ).

சி ஷார்ப்பில் சிறு வேறுபாடு ஒன்று: ஸ்ட்ரக்ட் அரேயில் படை[2].ஹெல்த் = 50 என்று நேராக எழுதலாம். அதே ஸ்ட்ரக்டை லிஸ்டில் (தேவைக்கேற்பத் தானே வளரும் பட்டியல்) வைத்தால் இந்த வரி கம்பைலே ஆகாது. அரேயை லிஸ்டாக மாற்றியதும் சிவப்புக் கோடுகள் முளைத்தால் காரணம் இது. ஒரு வேரியபிளில் எடுத்து, மாற்றி, திரும்ப வைக்க வேண்டும்.

அளவை மாற்றும் கட்டளைகள்

சி ஷார்ப்பில் எழுதும் முறை:

அரே.ரீசைஸ்(ரெஃப் எதிரிகள், 20)

ரெஃப் இல்லாமல் கம்பைல் ஆகாது. ஆனால் பிரச்சினை அதற்கு ஒரு படி மேலே ஒளிந்திருக்கிறது. எதிரியைச்சேர் என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்கு அரேயைச் சாதாரணப் பாராமீட்டராகக் கொடுத்து, உள்ளே ரீசைஸ் செய்தால் ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயர் மட்டுமே புதிய அரேயைச் சுட்டும். வெளியே வந்து பார்த்தால் பழைய நீளம். பாராமீட்டரையும் ரெஃப் ஆக்குங்கள், அல்லது புதிய அரேயை ரிட்டர்ன் செய்து வெளியே பிடித்துக்கொள்ளுங்கள். ப்ராபர்ட்டியை ரெஃப் ஆகக் கொடுக்க முடியாது, உள்ளூர் வேரியபிளுக்கு மாற்றி, ரீசைஸ் செய்து, திரும்ப வைக்க வேண்டியதுதான்.

கோடோவில் ரீசைஸ் அதே அரேயையே மாற்றுகிறது, அதைப் பிடித்திருக்கும் எல்லோருக்கும் புதிய நீளம் தெரியும். வகை குறிப்பிடாத அரேயில் புதிய இடங்கள் நல். இன்ட் என்று வகை சொல்லியிருந்தால் 0.

கேம்மேக்கர் எஞ்சினில் அரே_ரீசைஸ் இருந்தாலும் அது இல்லாமலே அரே வளரும். 5 நீளமுள்ள அரேயில் 10-ஆவது இண்டெக்ஸில் எழுதினால் நடுவில் உள்ளவை 0-வால் நிரம்பி அரே 11 ஆகிவிடும். எழுதுவதற்குத்தான் இந்தத் தாராளம், இல்லாத இடத்தைப் படித்தால் பிழைதான். வசதி போலத் தோன்றினாலும், இண்டெக்ஸ் கணக்கில் தவறு இருந்தால் அது அமைதியாக மறைந்துவிடும் என்பது இதன் கெட்ட பக்கம்.

அன்ரியலின் செட் அரே எலெம் நோடில் சைஸ் டு ஃபிட் என்று ஒரு டிக் பெட்டி உண்டு. டிக் இருந்தால் அரே அந்த இண்டெக்ஸ் வரை வளரும். இல்லையென்றால் எல்லைக்கு வெளியே எழுதியது வீண், லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும். லாகைத் திறந்து வைக்காதவர்களுக்கு இது மாயம் போல இருக்கும். அளவை நேரடியாக வைக்க ரீசைஸ் நோடு.

லுவாவில் ரீசைஸ் என்பதே இல்லை. டேபிள்.இன்சர்ட் சேர்க்கும், டேபிள்.ரிமூவ் எடுத்துவிட்டுப் பின்னால் உள்ளவற்றை முன்னால் நகர்த்தும். நடுவில் ஓர் இடத்தில் நில் (லுவாவில் எதுவும் இல்லை என்பதன் பெயர்) என்று எழுதாதீர்கள். ஓட்டை விழுந்த டேபிளில் # தரும் நீளத்தை நம்ப முடியாது.

ஒதுக்கியது வேறு, இருப்பது வேறு

அளவு அடிக்கடி மாறும் என்றால் சி ஷார்ப்பில் லிஸ்டுக்குப் போவதே சரி. அங்கேயும் உள்ளே ஓர் அரேதான், ஆனால் அது முன்யோசனையோடு வளர்கிறது. காலி லிஸ்டில் முதல் ஆட் செய்ததும் 4 இடம், நிறைந்தால் 8, பிறகு 16, இப்படி இரட்டிப்பு.

வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 பொருள்களை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் அரே.ரீசைஸ் செய்து சேர்த்தால் நகலெடுக்கும் எண்ணிக்கை 0 + 1 + 2 + … + 999 = 4,99,500. லிஸ்ட் 4-இலிருந்து 1024 வரை இரட்டித்துப் போனால் 4 + 8 + … + 512 = 1020. தோட்டாக்களை, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் அப்டேட்டுக்குள் ரீசைஸ் செய்து சேர்க்கும் விளையாட்டு ஏன் திணறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். கைவிடப்பட்ட பழைய அரேகள் குப்பையாகச் சேரும், அதை கார்பேஜ் கலெக்டர் அள்ளும்போது ஃபிரேம் இடறும். 60 ஃபிரேமில் ஓடும் விளையாட்டுக்கு ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான்.

எத்தனை வரும் என்று ஓரளவு தெரிந்தால் தொடக்கத்திலேயே நியூ லிஸ்ட்(200) என்று கொடுத்துவிடுங்கள். ஆனால் அந்த 200 என்பது கப்பாசிட்டி (ஒதுக்கிய இடம்), கவுண்ட் (உள்ளே இருப்பவை) இன்னும் 0. உடனே லிஸ்ட்[0] = ஏதோ என்று எழுதினால் எக்ஸெப்ஷன். ஆட் செய்துதான் நிரப்ப வேண்டும். அன்ரியல் சி பிளஸ் பிளஸ்ஸின் அரே வகையான டிஅரேயிலும் இதே இரட்டை: ரிசர்வ் இடம் மட்டும் ஒதுக்கும், செட்நம் உண்மையிலேயே எலிமென்ட்களை உருவாக்கும். அங்கே கூடுதல் ஆபத்து, எலிமென்ட்டுக்கு ஒரு பாயின்ட்டர் வைத்திருக்கும்போது அரே வளர்ந்தால் அந்தப் பாயின்ட்டர் செத்துப்போன மெமரியைச் சுட்டக்கூடும்.

லிஸ்ட்.க்ளியர் கவுண்டை 0 ஆக்கும், கப்பாசிட்டியை விட்டுவைக்கும், ஆகவே மறுபயன்பாட்டுக்கு நல்லது. அரே.க்ளியர் நீளத்தைத் தொடாமல் உள்ளே இருப்பதை 0 அல்லது நல் ஆக்கும்.

குண்டு வெடிக்கும்போது சுற்றி இருப்பவர்களைத் தேட உதவும் யூனிட்டியின் பிசிக்ஸ்.ஓவர்லாப் ஸ்பியர் நான்அலாக் போன்றவை வேறு வழியில் போகின்றன: நீங்கள் 32 இடமுள்ள அரேயை ஒரே முறை உருவாக்கிக் கொடுக்கிறீர்கள், அது நிரப்பிவிட்டு எத்தனை என்று எண்ணைத் தருகிறது. அந்த எண் வரை மட்டுமே லூப் ஓட வேண்டும். லெங்த் வரை ஓட்டினால் போன முறை சிக்கியவர்களும் இந்த வெடிப்பில் அடி வாங்குவார்கள். எண் சரியாக 32 என்று வந்தால் அரே போதவில்லை என்று சந்தேகப்படுங்கள், மிச்சத்தை அது சொல்லாமல் விட்டுவிடும்.

சுருக்கும்போது: பை 12-இலிருந்து 8

நீட்டுவதில் காலி இடம்தான் தொல்லை. சுருக்குவதில் பொருளே போய்விடும், அதுவும் ஒரு சத்தமும் இல்லாமல். 12 இடமுள்ள பையில் 0, 3, 9, 11 ஆகிய இடங்களில் பொருள் இருக்கிறது. பையை 8 ஆக்க நேராக ரீசைஸ் செய்தால் 9-உம் 11-உம் காணாமல் போகும், இத்தனைக்கும் பையில் இருந்தது நான்கே பொருள்.

முதலில் நிரம்பிய இடங்களை எண்ணுங்கள். புதிய அளவுக்குள் அடங்கினால், 8 முதல் கடைசி வரை போய், கிடைக்கும் ஒவ்வொரு பொருளையும் 0–7-க்குள் முதல் காலி இடத்துக்கு மாற்றுங்கள். இங்கே 9 போய் 1-இலும், 11 போய் 2-இலும் உட்காரும். அடங்கவில்லை என்றால் ரீசைஸுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்: மிச்சத்தைத் தரையில் போடுவதா, பையை மாற்றவே விடாமல் தடுப்பதா. இரண்டாவதே விளையாடுகிறவருக்குப் புரியும். கடைசியாக, ஆட்டக்காரர் 9-ஆவது இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் அந்தத் தேர்வு எண்ணும் இப்போது எல்லைக்கு வெளியே. அதை -1 ஆக்கிவிட்டு, பொத்தான்களைப் புதிய நீளத்துக்கு மீண்டும் வரையுங்கள்.

கட்டம் என்றால் ரீசைஸ் போதாது

வரைபடத்தை ஒரே நீள அரேயில் மடித்து வைக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இண்டெக்ஸ் = y × அகலம் + x. இதில் அகலம் ஒரு பகுதி என்பதை ரீசைஸ் செய்யும்போது மறந்துவிடுகிறோம். அகலம் 4, உயரம் 3 என்ற கட்டத்தில் (1, 2)-இல் ஒரு மரம். அது இருப்பது 2 × 4 + 1 = 9-இல். அகலத்தை 6 ஆக்க அரேயை 18 ஆக நீட்டினால் மரம் இன்னமும் 9-இல்தான். புதிய கணக்கில் 9 என்பது (3, 1). மரம் நடந்து போய்விட்டது. இருக்க வேண்டிய இடம் 2 × 6 + 1 = 13.

உயரம் மட்டும் மாறினால் ரீசைஸ் போதும், ஏனெனில் வரிசைகள் கடைசியில்தான் சேர்கின்றன. அகலம் மாறினால் புதிய அரே எடுத்து, y-ஐப் பழைய, புதிய உயரங்களில் சிறியது வரை, x-ஐ அகலங்களில் சிறியது வரை ஓட்டி நகலெடுங்கள்:

புதியது[y × புதியஅகலம் + x] = பழையது[y × பழையஅகலம் + x]

நகல் முடிந்த பிறகே அகல வேரியபிளை மாற்றுங்கள். முன்பே மாற்றினால் வலப்பக்கக் கணக்கும் புதிய அகலத்தில் ஓடி, எல்லாம் சாய்ந்து வரும். படம் சரிவாக இழுத்தது போலத் தெரிந்தால் அகலம் எங்கோ தவறியிருக்கிறது என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். இடப்பக்கம் நெடுவரிசை சேர்த்தால் x-உடன் ஒரு நகர்வைக் கூட்ட வேண்டும், எதிரிகள் மனதில் வைத்திருக்கும் கட்ட எண்களையும் அதே அளவு நகர்த்த வேண்டும்.

லூப் ஓடும்போது எடுக்காதீர்கள்

0, 1, 2 என்று முன்னோக்கி ஓடும்போது 1-ஐ எடுத்தால் 2-இல் இருந்தவர் 1-க்கு வந்துவிடுவார், லூப் 2-க்குப் போய்விடும், அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்தடுத்து நிற்கும் இருவர் ஒரே அடியில் சாக வேண்டியபோது ஒருவர் தப்பினால் இதுதான். சி ஷார்ப் லிஸ்டில் ஃபார்ஈச்சுக்குள் எடுத்தால் எக்ஸெப்ஷன் வந்து காட்டிக்கொடுக்கும், கோடோவில் அப்படி உத்தரவாதம் இல்லை. கடைசியிலிருந்து 0 வரை பின்னோக்கி ஓட்டுங்கள். அன்ரியலில் ரிவர்ஸ் ஃபார் ஈச் நோடு இதற்குத்தான். வரிசை முக்கியமில்லை என்றால் இன்னும் மலிவான வழி, கடைசியில் உள்ளதை எடுக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு வாலை மட்டும் வெட்டுவது. டிஅரேயில் ரிமூவ்அட் ஸ்வாப் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு.

பழைய சேவ் ஃபைல்

பையை 12-இலிருந்து 16 ஆக்கி அப்டேட் வெளியிட்டுவிட்டீர்கள். பழைய சேவைத் திறக்கும் ஆட்டக்காரருக்கு சேவைப் படிக்கும் யூனிட்டியின் ஜேசன்யுட்டிலிட்டி, ஃபைலில் உள்ள 12 நீள அரேயையே கொடுக்கும். கோடில் எழுதிய 16 அங்கே எடுபடாது. 13-ஆவது பொத்தானைத் தொட்டதும் விழும். லோட் ஆனதை நேரடியாக ஏற்காமல், 16 நீளத்தில் புதிய அரே எடுத்து, இரண்டு நீளங்களில் சிறியது வரை நகலெடுங்கள். சேவில் ஒரு வெர்ஷன் எண்ணும் வைத்தால், கட்டத்தின் அகலம் மாறிய வெர்ஷன்களை மேலே சொன்ன நகல் முறைக்குத் தனியாக அனுப்ப முடியும். அகலத்தையும் சேவிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும், 18 என்ற நீளத்தை மட்டும் பார்த்து அது 6 × 3-ஆ 9 × 2-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.